கோபுரம் இல்ல தம்பி, விமானம்!

நாற்பது வயசு வரைக்கும் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலைப் பார்க்கும்போதெல்லாம் "என்னா கோபுரம்டா!" என்று வாய் கூசாமல் சொல்லித் திரிந்தவன் நான். போன மார்கழியிலும் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே. பக்கத்தில் நின்ற பெரியவர் சிரித்துவிட்டார். "அது கோபுரம் இல்ல தம்பி, விமானம். வாசல்ல நுழைஞ்சு வந்தீங்களே, அதுதான் கோபுரம்." அவ்வளவுதான், எனக்குப் பித்துப் பிடித்துக்கொண்டது!

வாசலுக்கு மேலே எழுந்தால் கோபுரம், கருவறைக்கு மேலே எழுந்தால் விமானம். திரும்ப வெளியே ஓடினேன், வெட்கமே இல்லாமல், இன்னொரு தடவை நுழைவதற்காக! கேரளாந்தகன் வாசல், அடுத்து இராஜராஜன் வாசல், இரண்டின் உச்சியும் வண்டிக் கூண்டு போல நீளவாக்கில், மேலே வரிசையாகக் கலசங்கள். அதைத் தாண்டிக் கால் வைக்கிறீர்கள், நினைத்துப் பாருங்கள், காலை வெயிலை முகம் முழுக்க வாங்கிக்கொண்டு 13 நிலை, 216 அடி, உச்சியில் ஒரே ஒரு கலசம்!

பெயர் தெரிந்தபிறகு கல் பேச ஆரம்பித்துவிடுகிறது சார். அடியில் அதிட்டானம், அதன்மேல் சுவருக்குப் பெயர் பாதம், அப்புறம் குறுகிக் குறுகி ஏறும் தளங்கள், தளத்து ஓரத்தில் மூலைக்கு மூலை சதுரமாகக் கூடம், நடுவே நீளமாகச் சாலை, இடையிடையே பஞ்சரம், இந்த வரிசை மொத்தத்துக்கும் பெயர் என்ன தெரியுமா, ஆரம், ஆமாம், கட்டடத்துக்கு மாலை போட்டிருக்கிறான் மனுஷன், மாலைக்கு மேலே கிரீவம், அதாவது கழுத்து, மூலைக்கு இரண்டாக எட்டு நந்திகள், கழுத்துக்கு மேலே எட்டுப் பட்டையாகச் சிகரம், வடநாட்டில் சிகரம் என்றால் முழு உயரமும், நமக்கோ தலை மட்டும், தலைக்கு மேலே ஸ்தூபி, அதில் வைக்கச் செப்புக்குடம் கொடுத்ததை இராஜராஜன் தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாள் என்று நாள் கணக்கோடு கல்லில் வெட்டி வைத்திருக்கிறான், அதாவது 1010இல்!

கழுத்து வலித்தது, உண்மைதான். மதியக் கல்தரை உள்ளங்காலைப் பொசுக்கியதும் உண்மைதான். அதெல்லாம் ஒரு குறையா?

வெளியே டீக்கடையில் சிந்திய டீயைத் தொட்டு மேசையில் அதிட்டானத்திலிருந்து ஸ்தூபி வரை வரைந்து காட்டிக்கொண்டிருந்தேன். "அண்ணே, டீ ஆறுது" என்றான் பையன். அவனுக்கும் விளக்கினேன்.

அடுத்த வாரம் கங்கைகொண்ட சோழபுரம். மகன் இராஜேந்திரன் கட்டியது, அப்பாவுடையது போல விறைப்பாக நிமிராமல் இடுப்பில் உள்வாங்கி வளைந்து ஏறும். கூட வருகிறவர்கள் தாராளமாக வரலாம். கோபுரம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்!