பூட்டும் சாவியும் போதுமா?

புரதங்களைப் பற்றிய பாடங்களில் ஓர் உவமை அடிக்கடி வரும். நொதி ஒரு பூட்டு. அதில் பொருந்தும் பொருள் ஒரு சாவி. ஜெர்மானிய வேதியியல் அறிஞர் எமில் ஃபிஷர் 1894-இல் கூறியது இது. புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் தமிழில் பயிலும் மாணவருக்கும் உடனே விளங்கும் என்பது இதன் சிறப்பு. ஆனால் உவமை விளங்கிவிட்டால் பொருளும் விளங்கிவிட்டதாகுமா?

திண்டுக்கல் பூட்டை மோரில் போட்டாலும் புளிக்கரைசலில் போட்டாலும் அதே சாவிதான் பொருந்தும். புரதம் அப்படியன்று. அது சூழ்ந்துள்ள நீரின் அமிலத்தன்மைக்கேற்ப மாறுவது. புரதச் சங்கிலியிலுள்ள சில அமினோ அமிலங்கள் ஹைடிரஜன் அயனிகளை ஏற்கவும் விடவும் வல்லவை. பி.எச். மதிப்பு 7-இலிருந்து 2-க்கு இறங்கினால் அவ்வயனிகளின் செறிவு ஒரு லட்சம் மடங்கு உயர்கிறது. எதிர்மின்னூட்டம் பெற்றிருந்த இடங்கள் அதை இழக்கின்றன. ஹிஸ்டிடின் போன்றவை நேர்மின்னூட்டம் பெறுகின்றன. ஒன்றையொன்று ஈர்த்து நின்ற பகுதிகள் விலகுகின்றன. மடிப்பு தளர்கிறது, பிடிப்பும் மாறுகிறது.

"அமிலம் புரதத்தைக் கெடுக்கும், அவ்வளவுதானே?" என்று கேட்பீர்கள். எலுமிச்சைச் சாறு பட்டுத் திரிந்த பாலைக் கண்டவர்கள் அப்படி நினைப்பது இயல்பே. பாக்டீரியாக்களைப் பார்த்தால் அந்த முடிவும் போதாது என்பது தெரியும். ஈ. கோலை என்னும் குடல் பாக்டீரியாவில் ஹெச்.டி.இ.ஏ. என்றொரு புரதம் உண்டு. சாதாரண நிலையில் அது இரண்டிரண்டாகச் சேர்ந்து சும்மா இருக்கும். கடும் அமிலம் பட்டதும் இணை பிரிந்து, மடிப்பு நெகிழ்ந்து, மற்றப் புரதங்களைப் பற்றிக்கொண்டு அவை திரண்டுபோகாமல் காக்கும். குலைந்தால்தான் அது வேலை செய்யும்!

இரைப்பைப் புண்ணை உண்டாக்கும் ஹெலிக்கோபாக்டர் பைலோரியின் செய்தி இன்னும் வியப்பானது. பாப்-ஏ என்னும் புரதத்தால் அது இரைப்பைச் சுவரிலுள்ள சர்க்கரைத் தொடர்களைப் பற்றுகிறது. அமிலம் மிகுந்தால் பிடி நழுவுகிறது. அமிலம் குறைந்தால் மீண்டும் பற்றுகிறது. இதை 2017-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சுவரின் செல்கள் உதிரும்போது கிருமியும் அவற்றோடு போய்விடாமல், கழன்று சுவருக்குத் திரும்ப இது உதவுகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. இக்கிருமி புற்றுநோய்க் காரணிகளுள் ஒன்று என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-இல் அறிவித்தது. புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் சென்னை அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. அதே மண்ணின் மாணவர் ஒருவர் நாளை இக்கிருமியின் பிடியைத் தளர்த்தும் மருந்தைத் தேடலாம். மாறாத பூட்டை மனத்தில் வைத்துக்கொண்டு தேடினால், அமிலத்தில் ஒரு விதமாகவும் அமிலம் குறைந்த இடத்தில் வேறு விதமாகவும் நடக்கும் புரதம் அவரை ஏமாற்றிவிடும்.

ஆசிரியர்கள் இந்த உவமையைக் கைவிட வேண்டியதில்லை. அதைச் சொல்லி முடித்ததும், "எந்த நீரில்?" என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்கட்டும்.