கல்லால் தேய்த்த வெள்ளை

கானாடுகாத்தானிலோ ஆத்தங்குடியிலோ ஒரு பழைய நகரத்தார் வீட்டுக்குள் நுழைகிறவர்கள் முதலில் பர்மாத் தேக்குத் தூண்களைப் பார்ப்பார்கள். பிறகு குனிந்து தரையைப் பார்ப்பார்கள். இரண்டுக்கும் நடுவே நிற்கும் வெள்ளைச் சுவரைத் தாண்டிப் போய்விடுவார்கள். எனக்கு அந்தச் சுவர் போதும்.

வளவு என்னும் உள்முற்றத்துக்குள் காலை வெயில் சாய்ந்து இறங்கும்போது சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் நின்று பார்க்கவேண்டும். பூச்சில் கடுகளவு மேடு இருந்தாலும் சாய்வெயில் அதற்கு ஒரு நிழலைக் கொடுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். கொத்தனாரின் கைக்கு இதைவிடக் கடுமையான சோதனை கிடையாது. நல்ல சுவரில் அப்படி எதுவும் தெரிவதில்லை. எதிரே நிற்கும் தூணின் சாயல்தான் மங்கலாக அதற்குள் தெரிகிறது.

முட்டைப் பூச்சு என்பார்கள். வெள்ளைக்கரு சேர்த்தது உண்மைதான். ஆனால் பெருமை முழுவதையும் முட்டைக்கே கொடுத்துவிட எனக்குச் சம்மதமில்லை. வேளையறிந்து தேய்த்த கைக்குத்தான் அதில் பெரும்பங்கு.

செங்கல்மேல் முதலில் ஏறுவது சுண்ணாம்பும் மணலும் கலந்த முரட்டுக் காரை. கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் அதில் சேரும். இனிப்புக் கரைந்த நீரில் சுண்ணாம்பு கூடுதலாகக் கரையும் என்பதைப் பின்னாளில் வேதியியல் சொன்னது. அந்தக் காரை இறுகியபின் சலித்த மணலில் இன்னொரு பூச்சு, அதன்மேல் அதைவிட மெல்லியதாக மற்றொன்று. மேலே வரவர மணல் குறையும், சுண்ணாம்பு கூடும், கனம் சுருங்கும். கடைசிப் பூச்சில் மணலே கிடையாது. கிளிஞ்சல் சுண்ணாம்பை ஊறவைத்து, வெண்ணெய்போல் அரைத்து, வெள்ளைக்கருவோடு குழைத்து இழுப்பது அது.

இழுத்ததோடு விட்டிருந்தால் அது வெறும் வெள்ளைச் சுவர். ஈரம் மிகுந்திருக்கும்போது கல்லை வைத்தால் பூச்சு கல்லோடு பெயர்ந்து வந்துவிடும். காய்ந்தபின் வைத்தால் கீறல் விழும். விரல் வைத்தால் ஒட்டாத, அழுத்தினால் இணங்கிக் கொடுக்கிற ஒரு பதம் இடையில் வரும். மேகம் கூடினால் அது தள்ளிப்போகும், காற்று வீசினால் முந்திக்கொள்ளும். கடிகாரத்தைப் பார்த்துப் பயனில்லை. அந்தப் பதம் வந்ததும் வழவழத்த கூழாங்கல்லால் அழுத்தி அழுத்தித் தேய்க்கவேண்டும். துகள்கள் நெருங்கிப் படிந்து மேல்பரப்பு இறுகும். ஒளி அப்போதுதான் ஏறும். பாதியில் நிறுத்திவிட்டு மறுநாள் தொடர்ந்தால் இரண்டும் சேரும் இடம் தழும்பாக நிற்கும். அவ்வளவு உயரமான சுவர்களில் அந்தத் தழும்பை நான் தேடித் தேடிப் பார்த்திருக்கிறேன். அகப்படவில்லை. எத்தனை பேர், எந்த வரிசையில் சாரத்தில் நின்று ஒரே மூச்சில் தேய்த்திருப்பார்கள்!

வேலை அத்துடன் முடிவதும் இல்லை. சூளையில் சுடும்போது கிளிஞ்சல் இழந்த கரியமில வாயுவைச் சுவர் காற்றிலிருந்து சிறிது சிறிதாகத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. கிளிஞ்சல் முன்பு இருந்த அதே கால்சியம் கார்பனேட்டாக மாறிக் கல்லாகிறது. அது மாதத்தில் முடிகிற காரியமல்ல, ஆண்டுகள் பிடிக்கும். மயிரிழை வெடிப்பு விழுந்தால், உள்ளே கசியும் ஈரம் கொஞ்சம் சுண்ணாம்பைக் கரைத்துக் கொண்டுவந்து அந்தப் பிளவிலேயே படியவைத்து மூடுவதும் உண்டு. உள்ளங்கையை வைத்துப் பாருங்கள்: நடுப்பகலிலும் குளிர்ச்சி, எந்தத் திசையில் தடவினாலும் ஒரு மணல் நெருடாது.

இப்படிப்பட்ட சுவர்மேல் எமல்ஷன் அடித்துப் புதுப்பித்திருப்பதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. சுண்ணாம்புச் சுவர் தன் ஈரத்தை ஆவியாக வெளியே விட்டுப் பழகியது. பெயிண்ட் படலம் அந்த வழியை மறித்தால் ஈரம் அடியில் தேங்கும். படலம் கொப்பளித்து உரியும்போது பழைய பூச்சின் மேற்பரப்பையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகலாம். அழுக்குப் படிந்திருந்தால் மெல்லிய துணியைத் தண்ணீரில் பிழிந்து துடைத்தாலே போதும்.