பிள்ளைப்பேறும் பொதுநிதியும்: ஒரு வழிகாட்டுதலின் மீது சில கருத்துகள்

பிள்ளையின்மை நோயா, குறையா, இறைநாட்டமா என்னும் வினா பழமையானது. அதனைத் தீர்ப்பதற்குப் பொதுக் கருவூலம் எவ்வளவு செலவிட வேண்டும் என்னும் வினாவோ நம் காலத்தது. 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தின் ஓல்டாம் நகரில், உடலுக்குப் புறத்தே கருவுற்ற முதற்குழந்தை பிறந்தது. அதன் ஆகுமை குறித்து நம் உலமாக்கள் தாமதியாமல் பேசினர். 1980இல் அன்றைய எகிப்திய முஃப்தி ஷைகு ஜாதுல் ஹக் அலீ ஜாதுல் ஹக் ஃபத்வா வழங்கினார். 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமி தீர்மானம் நிறைவேற்றியது. நிலைபெற்ற திருமண உறவுக்குள், கணவனின் வித்தும் மனைவியின் கருமுட்டையும் மட்டுமே சேரும் முறை ஆகுமானது என்பதே இரண்டின் சாரம். ஆகுமானதைப் பெறும் வழி யார் யாருக்குத் திறக்க வேண்டும் என்பது வேறு கேள்வி. அது ஹலால், ஹராம் பற்றியதன்று. அத்ல் என்னும் நீதியைப் பற்றியது.

இக்கேள்விக்கு எழுத்தில் விடை சொல்ல முயன்ற ஆவணங்களுள் முதன்மையான ஒன்றை ஈண்டு ஆராய்வோம். 'நைஸ்' என்னும் சுருக்கப் பெயரால் அறியப்படும் பிரித்தானிய மருத்துவ மதிப்பீட்டு நிறுவனம், 2013 பிப்ரவரியில் வெளியிட்ட கருவுறுதல் சிகிச்சை வழிகாட்டுதலே அது. இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவையில் யாருக்கு எத்தனை சுற்று ஐ.வி.எஃப். சிகிச்சை அளிக்கலாம் என்பதை அது வரையறுத்தது. ஒரு ஃபத்வாவைப் படிக்கையில் நாம் கேட்பவற்றையே இங்கும் கேட்போம்: தீர்ப்பு என்ன? அதன் இல்லத், அதாவது காரணம், என்ன? அது யாரைக் கட்டுப்படுத்தும்?

தீர்ப்பு தெளிவானது. ஈராண்டு முயன்றும் கருவுறாத, 40 வயதுக்குட்பட்ட பெண்ணுக்கு மூன்று முழுச் சுற்றுகள். 40 முதல் 42 வயது வரையுள்ளோருக்கு, முன்பு இச்சிகிச்சை பெறாதிருத்தல், கருமுட்டை இருப்பு குன்றாதிருத்தல், அவ்வயதில் கருவுறுவதன் விளைவுகள் எடுத்துரைக்கப்படுதல் ஆகிய நிபந்தனைகளுடன் ஒரு முழுச் சுற்று. 2004இல் வந்த முதல் வழிகாட்டுதல் 23 முதல் 39 வயது வரை என்று வகுத்திருந்தது. பின்னது கீழெல்லையை நீக்கி மேலெல்லையை நீட்டியது. காரணமும் மறைக்கப்படவில்லை. ஒரு சுற்றில் கருத்தரிக்கும் வாய்ப்பு வயதோடு குறைகிறது. அவ்வாய்ப்பையும் செலவையும் தராசில் வைத்தே கோடு கிழிக்கப்பட்டது. 42க்கும் 43க்கும் இடையே என்ன பெரிய வேறுபாடு என்று கேட்பது எளிது. எந்தக் கோட்டின் இருபுறமும் இத்தகைய அண்டை வீட்டார் இருப்பர். ஜகாத்தின் நிஸாபுக்குச் சற்றுக் கீழே நிற்பவரும் சற்று மேலே நிற்பவரும் அவ்வாறே. கோட்டுக்குக் காரணம் உண்டா, அது எல்லோருக்கும் ஒன்றா என்பதே கேட்கத்தக்கது.

இவ்வாவணத்தின் தலையாய சிறப்பு அதன் சொல்வரையறை. 'முழுச் சுற்று' என்றால், ஒருமுறை கருமுட்டைகளைத் தூண்டி எடுத்து, அவற்றால் உருவான கருக்களை, உடனே வைப்பதும் உறைய வைத்துப் பின்னர் வைப்பதுமாக, முழுவதும் பயன்படுத்தி முடிப்பது என்று அது திட்டமாகச் சொன்னது. இச்சொல் நழுவினால் தீர்ப்பே நழுவும். நழுவவும் செய்தது. நிதி வழங்கும் வட்டார அமைப்புகள் பல, ஒரு புதிய கருவையும் ஓர் உறைகருவையும் வைத்தபின் சுற்று முடிந்தது என்று கணக்கிட்டன. சொல் நின்றது, பொருள் சுருங்கியது. அளவை நிறுவையில் குறைப்போரைக் குர்ஆன் கண்டித்த இடத்தை ஓதிவரும் நாம், சொற்களிலும் அளவைக் குறைக்க முடியும் என்பதை இங்கே காண்கிறோம்.

இனி, இவ்வழிகாட்டுதல் யாரைக் கட்டுப்படுத்தும்? அதன் பலவீனம் இங்குதான் தொடங்குகிறது. மருந்துகள் பற்றி 'நைஸ்' வழங்கும் தொழில்நுட்ப மதிப்பீடுகளில் சாதகமானவற்றுக்கு நிதி ஒதுக்குவது சட்டப்படி கடமை. வழிகாட்டுதல்களுக்கு அக்கட்டாயம் இல்லை. நம் மொழியில் சொன்னால், அது ஃபத்வா, கழா அன்று. முஃப்தி சொல்கிறார், காழீ தீர்ப்பளிக்கிறார். இங்கே காழீயின் இருக்கையில் 2013 ஏப்ரல் முதல் 200க்கும் மேற்பட்ட வட்டாரக் குழுமங்கள் அமர்ந்தன. 2022 ஜூலையில் அவை கலைக்கப்பட்டு 42 ஒருங்கிணைந்த வாரியங்கள் அவ்விடத்துக்கு வந்தன. சில வட்டாரங்கள் மூன்று சுற்று தந்தன. பல ஒன்றோடு நிறுத்தின. சில முற்றிலும் மறுத்தன. கேம்பிரிட்ஜ் வட்டாரம் 2017இல் இதற்கான வழக்கமான நிதியை நிறுத்தி, 2021இல்தான் மீண்டும் வழங்கத் தொடங்கியது. இக்கலையின் முன்னோடிகளான ஸ்டெப்டோவும் எட்வர்ட்ஸும் 1980இல் நிறுவிய உலகின் முதல் ஐ.வி.எஃப். மருத்துவமனை அவ்வட்டாரத்தின் போர்ன் என்னும் சிற்றூரில்தான் இருக்கிறது.

காழீ ஃபத்வாவிலிருந்து விலகலாகாதா? விலகலாம், ஆனால் காரணம் சொல்ல வேண்டும். 2014இல் இலண்டன் உயர் நீதிமன்றத்தில் இதனையொட்டிய வழக்கொன்று வந்தது. கருவுறும் ஆற்றலை அழிக்கக்கூடிய சிகிச்சைக்கு முன் தன் கருமுட்டைகளை உறைய வைக்க ஓர் இளம்பெண் நிதி கேட்க, வட்டாரக் குழுமம் மறுத்திருந்தது. வழிகாட்டுதல் கட்டாயமில்லை என்பதை ஏற்ற நீதிபதி, அதன் மருத்துவ ஆதாரத்தை வெறுமனே ஏற்க மறுப்பது விலகுவதற்குரிய காரணமாகாது என்றும் விளக்கினார். பணம் இல்லை என்பது ஒரு காரணம். ஆதாரம் இல்லை என்று சொல்லிப் பணமின்மையை மறைப்பது காரணமன்று. நம் உஸூல் நூல்கள் இல்லத்தின் மீது செலுத்தும் கண்டிப்பு இத்தகையதே.

இவ்வேறுபாடுகளை அந்நாட்டார் 'அஞ்சல் குறியீட்டுக் குலுக்கல்' என்று இகழ்ந்து பேசுவர். இச்சொல்லாட்சியில் ஒரு பிழை இருப்பதாகக் கருதுகிறோம். குலுக்கல் இகழத்தக்கதன்று. குர்ஆன் மர்யம் (அலை) அவர்களின் பராமரிப்பை முன்னிட்டும் யூனுஸ் (அலை) அவர்களின் கப்பலிலும் சீட்டெடுப்பைக் குறிப்பிடுகிறது. பெருமானார் (ஸல்) அவர்கள் பயணம் புறப்படுகையில் தம் மனைவியரிடையே சீட்டெடுத்தமை ஸஹீஹான ஹதீஸ்களில் உள்ளது. ஹனஃபி அறிஞர்கள் அதன் எல்லையைச் சுருக்கினும், மனங்களை ஆற்றுவதற்கு அதனை ஏற்றனர். உரிமைகள் சமமாகி, கொடுக்க வேண்டியது ஒன்றேயாக இருக்கையில், மனக்கசப்பைத் தவிர்க்கவே குர்ஆ விதிக்கப்பட்டது என்பது இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ், ஹி. 660) அவர்களின் விளக்கம். குர்ஆவில் உரிமையாளர் அனைவரும் ஒரே வரிசையில் நிற்கின்றனர். ஒவ்வொருவர் பெயரும் பாத்திரத்துள் இருக்கிறது. அஞ்சல் குறியீட்டில் அப்படியா? ஆற்றின் அக்கரையில் வாழ்பவளின் பெயர் பாத்திரத்துள் போடப்படவே இல்லை. எனவே அதைக் குலுக்கல் என்பது குலுக்கலுக்கு இழைக்கும் அநீதி. அது வெறும் எல்லைக் கோடு.

எல்லைக் கோட்டினும் கடுமையானது வட்டார அமைப்புகள் சேர்த்த நிபந்தனை ஒன்று. தம்பதியரில் எவருக்கேனும் முந்தைய உறவில் பிள்ளை இருந்தால் சிகிச்சை இல்லை என்பது அது. வழிகாட்டுதலில் இது இல்லை. இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். பிள்ளையுள்ள ஒருவரை மணந்த பெண், தான் ஒருபோதும் தாயாகாதிருந்தும், கணவனின் பிள்ளையால் தாய் என்று எண்ணப்படுகிறாள். மறுமணத்தைப் பழியாகக் கருதாத, விதவையரின் மணவாழ்வை ஊக்குவிக்கும் ஒரு மார்க்கத்தார் இதை எளிதில் கடந்து செல்ல இயலாது. மனைவியின் இசைவின்றி அஸ்ல் செய்வது ஏன் வெறுக்கத்தக்கது என்பதற்கு இமாம் காஸானீ (ரஹ், ஹி. 587) போன்ற ஹனஃபி அறிஞர்கள் காட்டிய காரணம், பிள்ளையில் அவளுக்கும் உரிமை உண்டு என்பதே. அவ்வுரிமை அவளுடையது, கணவனின் முதல் மணத்தால் அது தீர்ந்துபோவதில்லை. ஸ்காட்லாந்து இதை உணர்ந்தது. தம்பதியரில் ஒருவருக்கேனும் சொந்தப் பிள்ளை இல்லையெனில் போதும் என்று 2016இல் விதியைத் தளர்த்தி, 2017இல் 40 வயதுக்குட்பட்டோர்க்கு மூன்று சுற்றுகளை அளித்தது. ஒரே முடியாட்சியின் கீழ் இது இயன்றதெனில், இங்கிலாந்தில் இயலாதென்பது வாதமாகாது.

வழிகாட்டுதலின் மீதே நாம் வைக்கும் குறை ஒன்றுண்டு. சொந்தப் பணத்தில் செய்துகொண்ட முழுச் சுற்றுகளும் மூன்றில் கழிக்கப்படும் என்கிறது அது. முன்னைய தோல்விகள் பின்னைய வாய்ப்பைக் குறைக்கும் என்னும் மருத்துவக் காரணத்தை நாம் மறுக்கவில்லை. ஆயினும் காத்திருப்பில் வயது கழிவதை அஞ்சி, நகையை விற்று ஒரு சுற்று செய்துகொண்டவளும், பொதுச் செலவில் ஒரு சுற்றுப் பெற்றவளும் ஒரே கணக்கில் வைக்கப்படுகின்றனர். மருத்துவக் கணக்கு சரி, நிதிக்கணக்கு நேரியதன்று.

இவ்விடத்தில் எதிர்வாதம் ஒன்றைக் கேட்டாக வேண்டும். புற்றுநோயாளி காத்திருக்கையில் பிள்ளைக்காகப் பொதுப்பணமா என்பர். இமாம் கஸ்ஸாலி (ரஹ், ஹி. 505) வகுத்த வரிசையில் உயிர் காத்தலும் சந்ததி காத்தலும் இன்றியமையாத ஐந்தனுள் அடங்கும், எனினும் சமூகத்தின் சந்ததி நிலைப்பதும் ஒரு தம்பதியின் பிள்ளை வேட்கையும் ஒன்றல்ல. தனி மனிதருக்கு அது பெரும்பாலும் ஹாஜத் என்னும் தேவைப் படியில் நிற்கும், ளரூரத் ஆகாது. ஆகவே கருவூலம் சுருங்கும்போது இச்சிகிச்சை முதலில் குறைக்கப்படுவதை அநீதி என்று நாம் சொல்லமாட்டோம். பிள்ளை பெறாதவர் இறைவனின் முன்னிலையில் குறைந்தவரும் அல்லர். சிலரை அவன் மலடாக்குவதையும் ஷூரா அத்தியாயம் தன் வல்லமையின் வரிசையிலேயே சொல்கிறது. அதே வேதம்தான், எலும்பு தளர்ந்த முதுமையிலும் ஸக்கரிய்யா (அலை) பிள்ளை வேண்டி இரகசியமாக இறைஞ்சியதையும் பதிந்திருக்கிறது. வேண்டுதல் பொறுமையின்மை அன்று.

குடிகள் மீது ஆட்சியாளர் எடுக்கும் முடிவு அவர்தம் நலனைப் பொறுத்தது என்பது நம் சட்டவியலின் அடிப்படை விதி. நலன் என்பது எப்போதும் கூடுதலாகக் கொடுப்பதன்று. மூன்றைக் கொடுக்க இயலாத அரசு இரண்டைக் கொடுக்கட்டும். வேல்ஸ் அவ்வாறே இரண்டு சுற்றுகளை நாடு முழுமைக்கும் ஒரே விதியாக்கியது. இரண்டும் இயலாதெனில் ஒன்று. அதுவும் இயலாத காலம் வருமாயின், எல்லோரது பெயரையும் பாத்திரத்தில் இட்டுச் சீட்டெடுக்கட்டும். எதைச் செய்யினும் அது எல்லோர்க்கும் ஒன்றாயிருக்கட்டும். மறுக்கப்பட்டவளின் கையில் மறுப்பின் காரணம் எழுத்தில் இருக்கட்டும். 2013ஆம் ஆண்டு ஆவணம் தன் காரணங்களை எழுதி வைத்ததால்தான் இன்று அதை நாம் எடைபோட முடிகிறது. அதை நிறைவேற்றியோரிடம் காணாமற்போனது அந்த ஒழுக்கமே.