சாட்சிக் கூண்டில் மரியாதைச் சொல்

ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவல் 1960இல் வெளிவந்து மறு ஆண்டே புலிட்சர் பரிசு பெற்றது. முன்னிலைப் பெயர்களில் அதிகாரமும் தோழமையும் செயற்படும் முறையை விளக்கிய ரோஜர் பிரவுன், ஆல்பர்ட் கில்மன் ஆகியோரின் கட்டுரை வெளிவந்ததும் அதே 1960இல்தான். இது தற்செயலே. எனினும் நாவலின் 17 முதல் 21 வரையுள்ள இயல்களில் நிகழும் விசாரணையை அக்கட்டுரையின் துணையோடு படிக்கும்போது, அநீதி தீர்ப்பில் தொடங்கவில்லை, விளியிலேயே தொடங்கிவிடுகிறது என்பது புலனாகும்.

கதை 1930களின் அலபாமாவில், மேக்கோம் என்னும் கற்பனை ஊரில் நிகழ்கிறது. வெள்ளை இனப் பெண் மேயெல்லாவை வன்புணர்ந்ததாகக் கறுப்பினத்தவரான டாம் ராபின்சன்மீது வழக்கு. அவள் முகத்தின் வலப்புறமே காயம்பட்டுள்ளது. டாமின் இடக்கையோ சிறுவயதில் பஞ்சு அரவை எந்திரத்தில் சிக்கிப் பயனற்றுப் போனது. சான்று தெளிவாக இருந்தும் ஜூரிகள் குற்றவாளி என்கின்றனர்.

ஆங்கிலத்தில் முன்னிலைப் பெயர் ஒன்றே. ஆகவே உயர்வு தாழ்வு முழுவதையும் விளிச்சொற்களே சுமக்கின்றன. ஊரார் மதியாத பாப் யூயலுக்கும் கூண்டில் ஏறியதும் 'மிஸ்டர்' கிடைக்கிறது. இருபத்தைந்து வயதும் மூன்று குழந்தைகளும் உடைய டாமுக்கு அரசு வழக்குரைஞர் தருவது 'பாய்' என்னும் விளி. பார்வையாளர் நடுவிலிருந்து எழுந்து டாமுக்காகப் பரிந்து பேசும் லிங்க் டீஸ்கூட அதே சொல்லைத்தான் ஆள்கிறார். எதிரியும் நல்லவரும் ஒரே சொல்லைப் பகிர்ந்துகொள்வதே அவ்வூரின் இலக்கணம்.

இவ்விலக்கணம் புனைவன்று. 1963இல் அலபாமாவின் காட்ஸ்டன் நீதிமன்றத்தில் மேரி ஹாமில்டன் என்னும் கறுப்பினப் பெண், தம்மை வெறும் பெயரால் அழைத்த வழக்குரைஞருக்கு விடையளிக்க மறுத்தார். 'மிஸ் ஹாமில்டன்' என்றழைத்தால்தான் பேசுவேன் என்றார். நீதிமன்ற அவமதிப்புக்காக ஐந்து நாள் சிறையும் ஐம்பது டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. 1964இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அத்தண்டனையை நீக்கியது.

தமிழில் பெயர்ப்போருக்குச் சிக்கல் இங்கேதான் எழுகிறது. தமிழ் வினைமுற்று விகுதியின்றி நில்லாது. 'வந்தான்' என்பதா, 'வந்தார்' என்பதா என்பதை ஒவ்வொரு வரியிலும் முடிவு செய்தாக வேண்டும். வழக்குரைஞருக்கு 'அர்' விகுதியும் டாமுக்கு 'அன்' விகுதியும் தரும் பெயர்ப்பாளர் மேக்கோம் ஊரின் வெள்ளையரோடு கீழ்த்தளத்தில் அமர்ந்துவிடுகிறார். மாறாக, இரக்கத்தால் டாமை 'அவர்' என்றும் வெறுப்பால் யூயலை 'அவன்' என்றும் எழுதினால், ஜூரிகள் கூடுமுன் விகுதியே தீர்ப்பை வழங்கிவிடும். கதை சொல்லும் ஸ்கவுட் தன் சிறுமிப் பருவத்தை வளர்ந்தபின் நினைவுகூர்பவள். எனவே எடுத்துரைப்பில் வளர்ந்த ஆடவர் அனைவருக்கும், யூயல் உட்பட, 'அவர்' என்றே எழுதுவது தக்கது. அப்போதுதான் உரையாடலில் வரும் 'நீ' சுடும்.

உரையாடலிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். எதிர்வாத வழக்குரைஞர் அட்டிகஸ் நல்லவர் என்பதால் அவர் வாயில் டாமை நோக்கி 'நீங்கள்' என்று வைக்கப் பெயர்ப்பாளரின் கை துடிக்கும். மூலம் அதற்கு இடந்தரவில்லை. யூயலுக்கு 'மிஸ்டர்' கொடுக்கும் அவரும் டாமை வெறும் பெயராலேயே அழைக்கிறார். 'நீ' என்பதே நேர்மையான பெயர்ப்பு. மேயெல்லாவிடம் அவர் காட்டும் மரியாதை மட்டும் 'நீங்கள்' எனப் பெயரலாம். அவ்வாறு எவராலும் விளிக்கப்பட்டறியாத அவள் அதைக் கேலி என்று கொள்வது தமிழில் இன்னும் கூர்மையாகவே விளங்கும்.

'பாய்' என்பதற்குப் 'பையா' பொருந்தாது. அதில் வாஞ்சை கலந்துள்ளது. வழக்குரைஞர் வாயில் 'அடே' என்பதும், லிங்க் டீஸ் வாயில் 'அந்தப் பையன்' என்பதும் இயல்பாகும். ஆனால் இருவரையும் பிணைக்கும் ஒற்றைச் சொல் அறுந்துபோகும். இவ்விழப்புக்கு ஈடு இல்லை. டாமின் பேச்சைத் தமிழ் வட்டார வழக்கு ஒன்றில் ஏற்றுவதோ இழப்பினும் பெரிய பிழை. அலபாமாவின் தாழ்வை வேறொரு மக்கள்மேல் சுமத்துவதாகும்.

விசாரணையின் உச்சம் ஒரு வினைச்சொல்லில் உள்ளது. மேயெல்லாவுக்கு ஏன் உதவினாய் என்ற வினாவுக்கு, அவள்மேல் இரக்கம் கொண்டதாக டாம் விடையளிக்கிறார். ஈ, தா, கொடு என்பனவற்றை இழிந்தோன், ஒப்போன், உயர்ந்தோன் கூற்றாகத் தொல்காப்பியம் சொல்லதிகாரம் வகுத்ததை அறிந்த தமிழ் வாசகருக்கு, ஒரு வினை பேசுவோரின் படிநிலையைக் காட்டும் என்பது புதிதன்று. இரக்கம் மேலிருந்து கீழே பாய்வது. கறுப்பினத்தவர் வெள்ளையர்மேல் இரங்குவதை அம்மன்றம் பொறாது. இங்குப் 'பாவமாக இருந்தது' என்று பெயர்த்தால் காட்சி சரிந்துவிடும். 'பாவம்' என்பதை வேலையாள் முதலாளியைப் பற்றியும் சொல்லலாம், எவரும் திடுக்கிடார். 'இரக்கப்பட்டேன்' என்பதே வேண்டும். மேலும், வழக்குரைஞர் அச்சொல்லைத் திருப்பிச் சொல்லும்போது அழுத்தம் எழுவாய்மேல் விழுகிறது. தமிழில் எழுவாய் தொக்கு நிற்பது இயல்பாகையால், டாமின் கூற்றில் 'நான்' என்பதை விட்டுவிட்டு, வழக்குரைஞரின் வினாவில் மட்டும் 'நீ' என்பதை வெளிப்படையாக நிறுத்தினால் போதும்.