ஆசாரக்கோவை: யாரும் ஃபார்வர்டு செய்யாத நூறாவது பாட்டு

எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் மாதத்துக்கு ஒருமுறையாவது இப்படி ஒரு செய்தி வந்துவிடும். விடியலில் எழு, கிழக்குப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடு, நின்றுகொண்டு சாப்பிடாதே, அடுத்தவர் செருப்பைப் போடாதே. கடைசியில் மறக்காமல் ஒரு வரி: "நம் முன்னோர்கள் ஒன்றும் முட்டாள்கள் அல்ல." கீழே நாலு கும்பிடு. சில சமயம் மூலமும் போட்டிருப்பார்கள்: ஆசாரக்கோவை.

இந்த நூலைப் பற்றிப் பேசுபவர்களில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சிக்கு இது தமிழனின் பழைய அறிவியல். இன்னொரு கட்சிக்கு இது வடமொழிச் சரக்கைத் தமிழில் இறக்கிய நூல், தூக்கிப்போட வேண்டியது. இரண்டு பேருமே நூறு பாட்டையும் வரிசையாகப் படித்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம். நானும் போன வருஷம் வரை படித்ததில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் உரையோடு கிடைக்கிறது, மதுரைத் திட்டத்தில் மூலம் கிடைக்கிறது. ஒரு நாளைக்கு ஐந்து பாட்டு என்று படித்து முடித்தேன். இது அந்தக் குறிப்புகளிலிருந்து எழுதியது. நான் தமிழ்ப் பேராசிரியர் இல்லை, சாஃப்ட்வேர்க்காரன். பிழை இருந்தால் சொல்லுங்கள்.

நூல் என்ன சொல்கிறது?

பதினெண்கீழ்க்கணக்கில் பதினோரு நூல்கள் அறம் பேசுபவை. அதில் ஒன்று இது. எழுதியவர் கயத்தூரைச் சேர்ந்த பெருவாயின் முள்ளியார். பாயிரம் ஒன்று, பாட்டு நூறு. பாயிரத்திலேயே விஷயத்தைச் சொல்லிவிடுகிறார்கள்: இது புதிதாகச் செய்த நூல் இல்லை, ஆரிடத்தில், அதாவது முனிவர்கள் வழி வந்த நூல்களில், தான் அறிந்த அளவுக்கு எல்லாருக்கும் தெரியும்படி தொகுத்தது. "கோவை" என்ற பெயருக்கும் அதுதான் பொருள், கோத்தது. வடமொழி தரும நூல்களோடு பல பாட்டுகள் ஒத்துப்போவதை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். மறைத்து வைத்ததைக் கண்டுபிடித்தது போல அதைச் சொல்ல வேண்டியதில்லை. நூலே ஒப்புக்கொண்ட சங்கதிதான்.

திருக்குறளும் ஒழுக்கம் பேசுகிறது. ஒழுக்கமுடைமைக்கு ஒரு அதிகாரம், பண்புடைமைக்கு ஒரு அதிகாரம், இனிய சொல்லுக்கு ஒன்று, விருந்துக்கு ஒன்று. ஆனால் வள்ளுவர் எந்தத் திசை பார்த்துச் சாப்பிட வேண்டும் என்று சொல்வதில்லை. முள்ளியார் சொல்கிறார். வள்ளுவர் எழுதியது கொள்கை என்றால் இவர் எழுதியது செய்முறைக் கையேடு.

கையேடு என்ற அளவில் பல இடங்கள் அருமை. முதல் பாட்டே நல்லொழுக்கத்துக்கு எட்டு விதைகளைச் சொல்கிறது. நன்றியறிதல், பொறுமை, இன்சொல், எந்த உயிருக்கும் தீங்கு செய்யாமை, கல்வி, ஒப்புரவு, அறிவு, நல்லவர் நட்பு. கவனியுங்கள், இதில் குளியலும் இல்லை, திசையும் இல்லை. அதெல்லாம் பின்னால்தான் வருகிறது.

எங்கே எச்சில் துப்பக்கூடாது, எங்கே ஒதுங்கக்கூடாது என்று ஒரு பாட்டு பட்டியல் போடுகிறது. புல்வெளி, பயிர் நிலம், வழி, நீர்த்துறை, கோயில், ஆள் ஒதுங்கும் நிழல் எல்லாம் அதில் உண்டு. பூந்தமல்லி–ஆவடி சாலையில் ஒரு நாள் நடந்து பாருங்கள், அந்தப் பாட்டின் அருமை தெரியும். பேசுவது பற்றி இன்னொரு பாட்டு. அவசரப்பட்டுப் பேசாதே, சொன்னதையே சொல்லாதே, பொய்யைக் கலக்காதே, விரித்துக்கொண்டே போகாதே, கொஞ்சம் வார்த்தையில் பொருள் அடங்கும்படி, கேட்பவன் கேட்கும் நிலையில் இருக்கும்போது சொல். இருபது வருஷமாக ஆபீஸ் மீட்டிங்குகளில் உட்கார்ந்திருக்கிறேன். இதைவிட நல்ல அறிவுரை எந்தப் பயிற்சி வகுப்பிலும் கேட்டதில்லை.

புறப்படுகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடாதே, எங்கே போகிறாய் என்று கேட்காதே என்றும் ஒரு பாட்டு இருக்கிறது. என் அம்மா இதைப் படித்தவர் இல்லை. ஆனால் நான் சின்ன வயதில் அப்பாவிடம் "எங்க போறீங்க?" என்று கேட்டால் தலையில் ஒரு குட்டு வைத்து, "தூரமான்னு கேளுடா" என்பார். ஏட்டில் இருந்தது எங்கள் வீட்டு வாசலில் உயிரோடு இருந்திருக்கிறது. அந்தப் பாட்டைப் படித்தபோது உண்மையிலேயே கொஞ்சம் சிலிர்த்தது. முதல் கட்சிக்காரர்களின் பெருமை எங்கிருந்து வருகிறது என்று அப்போது புரிந்தது.

ஃபார்வர்டில் வராத பாட்டுகள்

எப்போதெல்லாம் குளிக்க வேண்டும் என்று பத்துச் சந்தர்ப்பங்களை ஒரு பாட்டு அடுக்குகிறது. வாந்தி எடுத்தால், முடி வெட்டினால், சாப்பிடும் முன்னால் என்று போய்க்கொண்டிருக்கும் பட்டியலில், கீழ்மக்கள் உடம்பு பட்டால் குளி என்றும் இருக்கிறது. இதற்கு ஒரு சமாதானம் சொல்வார்கள்: கீழ்மக்கள் என்றால் குணத்தில் கீழானவர்கள், சாதியில் இல்லை என்று. பழைய நூல்களில் கீழ் என்ற சொல் குணத்தைக் குறித்து வருவது உண்மைதான். ஆனால் குணம் தொட்டால் ஒட்டிக்கொள்ளுமா? குளித்தால் போய்விடுமா? தொட்டால் குளி என்பது தீட்டின் மொழி.

சந்தேகம் இருந்தால் இன்னொரு பாட்டு தீர்த்துவைக்கிறது. நல்ல காரியத்துக்குப் புலையரிடம் நாள் கேட்காதே, அந்தணரிடம் கேள் என்கிறது அது. இங்கே குணம் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. இதில் ஒரு வரலாற்றுத் தடயமும் இருப்பதாக எனக்குப் படுகிறது. யாரும் செய்யாத ஒன்றுக்குத் தடை போட மாட்டார்கள். புலையரிடம் நாள் கேட்கும் பழக்கம் இருந்ததால்தான் கேட்காதே என்று எழுத வேண்டி வந்திருக்கும். அவர்கள் கையிலிருந்த ஒரு மரியாதையைப் பிடுங்கி வேறு கையில் கொடுக்கிற வேலையை இந்தப் பாட்டு செய்கிறது.

பெண்கள் விஷயமும் அப்படித்தான். பெற்ற தாய், மகள், உடன்பிறந்தவள் ஆனாலும் தனியாக ஒரே இடத்தில் தங்காதே என்று சொல்லும் பாட்டை எந்தச் சமாதானத்தோடு படிப்பது? எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். அந்தப் பக்கத்தை மூடிவிட்டு எழுந்து போய்விட்டேன்.

ஆக, முதல் கட்சி இந்தப் பாட்டுகளை விட்டுவிட்டு ஃபார்வர்டு செய்கிறது. இரண்டாம் கட்சி இவற்றை மட்டும் காட்டி நூலை மூடச் சொல்கிறது. எனக்கு இரண்டாவது கட்சியின் கோபம் நியாயமாகவே தெரிகிறது. ஆனால் மூடுவதற்கு முன்னால் கடைசிப் பாட்டு ஒன்று இருக்கிறது.

நூறாவது பாட்டு

தொண்ணூற்றொன்பது பாட்டில் செய், செய்யாதே என்று அடுக்கிவிட்டு, நூறாவதில் முள்ளியார் திடீரென்று வேறொன்று செய்கிறார். இந்த விதிகளெல்லாம் யாருக்குக் கிடையாது என்று ஒன்பது பேரைச் சொல்கிறார். நம் ஊர்ப் பழக்கம் தெரியாத வேற்று நாட்டான். ஆதுலன், அதாவது ஏழை. வயதானவன். சிறுவன். உயிர் இழந்தவன். பயந்துபோனவன். சாப்பிட்டுக்கொண்டிருப்பவன். அரசன் வேலையில் இருப்பவன். மணமகன். இந்த ஒன்பது பேரும் ஆசாரத்திலிருந்து விடுதலை பெற்றவர்கள் என்று நூல் முடிகிறது.

எங்கள் தொழிலில் இதற்கு எக்ஸப்ஷன் என்று பெயர். ஒரு கோடு எழுதியவன் எப்படிப்பட்டவன் என்று அவன் விதிகளைப் பார்த்துத் தெரியாது. விதிக்குப் பொருந்தாத ஆள் உள்ளே வரும்போது அந்த நிரல் என்ன செய்கிறது என்பதில்தான் தெரியும். சிலர் எழுதியது அப்படியே உடைந்து விழும். சிலர் எழுதியது அவரையும் ஏற்றுக்கொண்டு மேலே போகும்.

உயிரிழந்தவனுக்கு எதற்கு விலக்கு என்று முதலில் சிரித்தேன். பிறகு ஒரு சாவு வீட்டில் கால் நீட்டிக் கிடத்தியிருந்த பெரியவரைப் பார்த்தபோது, உடம்பு தன் வசத்தில் இல்லாதவனை மரியாதைக் கணக்கில் அளக்காதே என்று அதை வாசிக்கலாம் என்று தோன்றியது. இது என் வாசிப்பு மட்டுமே. ஆனால் பட்டியலில் பெரும்பாலானவர்களுக்கு அது பொருந்துகிறது. தெரியாதவன், இல்லாதவன், முடியாதவன், பயந்தவன்.

இது எனக்கு வெறும் வாசிப்பாக நின்றுவிடாததற்கு ஒரு காரணம் உண்டு. போன கோடையில் எங்கள் பக்கத்து மனையில் கட்டட வேலை நடந்தது. பாரிவாக்கத்தைச் சுற்றி இப்போது எங்கே பார்த்தாலும் கட்டடம்தான், வேலை செய்பவர்களில் நிறையப் பேர் வட மாநிலத்துப் பையன்கள். ஒரு மத்தியானம் மணலைக் கொண்டுவந்து எங்கள் கேட்டை அடைத்துக் கொட்டிவிட்டார்கள். இறங்கிப் போனேன். கலவை மெஷின் நிழலில் ஒரு பையன் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "மேஸ்திரி எங்கப்பா?" என்றேன். அவன் எழுந்திருக்கவில்லை. வாயில் சோறு. இடது கையை நீட்டிப் பின்பக்கம் காட்டினான்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "பெரியவங்க கேட்டா எந்திரிச்சு பதில் சொல்ல மாட்டியா? இடது கையால காட்டுற?" அவனுக்குத் தமிழ் புரிந்ததோ இல்லையோ, குரல் புரிந்தது. தட்டைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து நின்றான். வலது கை முழுக்கச் சோறு. அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் பக்கவாட்டில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். எச்சில் படாத கையால் காட்டியதுதான் அவன் செய்த தப்பு. அதாவது, அங்கே மரியாதை தெரிந்த ஆள் அவன்தான்.

நூறாவது பாட்டைப் படித்தது அதற்குச் சில வாரம் கழித்து. ஒன்பதில் மூன்று அந்த ஒரே பையனுக்குப் பொருந்தியது. வேற்று நாட்டான், ஆதுலன், சாப்பிட்டுக்கொண்டிருந்தவன். அடுத்த முறை அந்தப் பக்கம் போனபோது அவன் மறுபடியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் தட்டோடு எழுந்து நின்றான். "பைட்டோ, பைட்டோ" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். நான் தாண்டிப் போகும் வரை அவன் உட்காரவில்லை.

யாருக்கு விதி, யாருக்கு விலக்கு

ஐரோப்பாவிலும் இப்படிப்பட்ட நூல்கள் உண்டு. 1530-இல் எராஸ்மஸ் சிறுவர்களுக்கான நடத்தை பற்றி லத்தீனில் ஒரு சிறு நூல் எழுதினார். சட்டைக் கையில் மூக்கைத் துடைக்காதே, எண்ணெய்ப் பிசுக்கான விரலை நக்காதே என்கிற ரகம். முள்ளியாரின் பட்டியலோடு அப்படியே சேர்த்துக் கோக்கலாம். அந்த நூலும் முடியும் இடத்தில், நீ தவறாமல் நட, அடுத்தவர் தவறினால் எளிதாக மன்னித்துவிடு, பண்பில் பெரும்பங்கு அதுதான் என்ற கருத்துக்கு வந்து சேர்கிறது. ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு பட்டியல்காரர்கள் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். ஆசாரம் என்பது நான் என்னைப் பார்க்கும் கண்ணாடி, அடுத்தவரை அளக்கும் அளவுகோல் இல்லை.

இதற்காக முள்ளியாரை மன்னித்துவிடலாமா? முடியாது. அவருடைய ஒன்பது பேர் பட்டியலில் மணமகன் இருக்கிறான், மணமகள் இல்லை. சொற்களெல்லாம் ஆண்பால். பிள்ளைத்தாய்ச்சி இல்லை. விருந்தினர், மூத்தோர், பசு, பறவை, பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுத்தான் சாப்பிட வேண்டும் என்று சொல்லும் அழகான பாட்டிலும் அவள் இல்லை. இத்தனைக்கும் மனுஸ்மிருதியே கருவுற்ற பெண்களுக்கு விருந்தினருக்கும் முன்னால் சோறு போடச் சொல்கிறது. எல்லாவற்றையும்விட, யாரைத் தொட்டால் குளிக்கச் சொன்னாரோ அவருக்கு எந்த விலக்கும் இல்லை. அவருடைய கருணை வாசல் வரை வந்து நின்றுவிட்டது.

ஆனால் வாசல் என்று ஒன்று வைத்திருக்கிறார். அந்தப் பட்டியலை நாம் நீட்டலாம். பிரசவித்தவளை, இரவுப் பணி முடித்து பஸ்ஸில் தூங்குகிற நர்ஸை, மூன்றாம் மாடிக்குப் பொட்டலத்தோடு ஓடிவந்து "சார்" என்று கூப்பிடாமல் போகிற டெலிவரி பையனை அதில் சேர்க்கலாம். தீட்டுப் பாட்டுகளை விட்டுவிடலாம். விடுவது துரோகம் ஒன்றும் இல்லை, அவரும் தொகுத்தவர்தானே, தொகுப்பவன் தேர்ந்தெடுக்கத்தானே செய்வான்.

குழுவில் அடுத்த முறை கிழக்குப் பார்த்துச் சாப்பிடும் பாட்டு வந்தால் நூறாவது பாட்டைக் கீழே போட்டுவிடலாம் என்றிருக்கிறேன். கும்பிடு வராது என்று தெரியும். எந்தத் திசை பார்த்து உட்கார்ந்திருந்தாலும் சரி, சாப்பிடுகிறவனை எழுப்பாமல் இருக்க நாலு பேர் கற்றுக்கொண்டால் போதும். அதில் முதல் ஆள் நான்.