உடலை நம்பிய நடிப்பு: ராஜா சாண்டோவின் திரைவாழ்வும் அதன் எல்லைகளும்

சொல்லின்றி உடலசைவால் கதையை நடத்திச் செல்லும் ஊமைப்பட நடிப்பைத் தமிழருக்கு முற்றிலும் அயலான கலையென்று கொள்வதற்கில்லை. கரையாம்புத்தூர் முதலான ஊர்கள் அடங்கிய புதுச்சேரியின் பாகூர் வட்டாரத்தில், திரௌபதி அம்மன் விழாக்களையொட்டி நடைபெறும் பாரதக்கூத்தில், அடவு எனப்படும் வரையறுத்த கால்வைப்பும் உடலசைவுமே வீமன் யார், துரியோதனன் யார் என்பதைக் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்கும் உணர்த்திவிடுகின்றன. ஆயினும் கூத்தாடுபவருக்குப் பாட்டும் வசனமும் மத்தளமும் துணை நிற்கின்றன; ஊமைப்பட நடிகருக்கோ அத்துணைகளுள் குரல் அறவே இல்லை. அக்குறையை உடலால் ஈடுசெய்து பம்பாய் வரை புகழ்பெற்ற தமிழர் ராஜா சாண்டோ. உடற்கட்டை முதல் தகுதியாகக் கொண்டு நடிகரைத் தேர்ந்த அக்கால வழக்கத்தின் நன்மையும் தீமையும் அவரது வாழ்வில் தெளிவாகப் பதிந்துள்ளன.

புதுக்கோட்டையில் பிறந்த அவரது இயற்பெயர் பி. கே. நாகலிங்கம். உடற்பயிற்சியில் தேர்ந்த அவர், ஐரோப்பியப் பலசாலியான யூஜின் சாண்டோவின் பெயரைத் தாங்கினார். 1904-05இல் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்த அம்மனிதரின் பெயர், இந்நாட்டில் உடல்வலி படைத்தோருக்குரிய பட்டமாகவே நிலைத்துவிட்டது. 1920களின் தொடக்கத்தில் பம்பாயில் எஸ். என். பட்டங்கரின் பட நிறுவனத்தில் சண்டை நடிகராகச் சேர்ந்த நாகலிங்கம், 'வீர் பீம்சேன்' போன்ற புராணப் படங்களில் தோன்றி, பின்னர்க் கோகினூர் நிறுவனத்தில் சந்துலால் ஷா இயக்கிய 'டைப்பிஸ்ட் கேர்ள்' (1926), 'குணசுந்தரி' (1927) ஆகிய சமூகப் படங்களின் நாயகராக உயர்ந்தார்.

இவ்வழக்கத்தின் தலையாய நன்மை, மொழியை அது தடையாகக் கருதாமையே. குஜராத்தியோ மராத்தியோ தாய்மொழியாக வாய்க்காத ஒருவர், அம்மொழியினர் கொண்டாடும் நாயகராக விளங்க முடிந்ததற்கு, காட்சிகளுக்கிடையே திரையில் தோன்றிய எழுத்தட்டைகள் எந்த மொழிக்கும் மாற்றிக்கொள்ளத் தக்கவையாக இருந்ததே காரணம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகத் திரையருகே நின்று அவ்வெழுத்தை உரக்கப் படித்துக் கதையை விளக்குபவரும் அரங்குகளில் இருந்தார். கூத்தில் கட்டியங்காரன் செய்யும் பணிக்கு ஒப்பானது அது. ராஜா சாண்டோவுடன் நடித்த சுலோசனாவின் நிலையை நோக்கினால் இந்த நன்மையின் அளவு விளங்கும். ரூபி மையர்ஸ் என்ற இயற்பெயர் கொண்ட யூதப் பெண்ணான அவர், ஊமைப்படக் காலத்தில் நட்சத்திரமாக ஒளிர்ந்தவர். பேசும்படம் வந்ததும் நடிப்பை நிறுத்தி வைத்து இந்துஸ்தானி பயில வேண்டியவரானார்.

தீமையும் இதே வேரிலிருந்து முளைத்ததுதான். தோளையும் மார்பையும் கண்டு ஒருவரைத் தேர்ந்தால், அவருக்கு அமையும் பாத்திரங்களும் தோளுக்கும் மார்புக்கும் ஏற்றவையாகவே சுருங்கிவிடுகின்றன; மற்போரும் வீரச்செயலும் திரும்பத் திரும்ப வர, மனத்தின் ஐயமும் குற்ற உணர்வும் இடம்பெறாமல் போகின்றன. வீட்டுக் கடமைகளிலேயே மூழ்கிய மனைவியிடமிருந்து விலகும் கணவனைப் பற்றிய 'குணசுந்தரி' போன்ற கதையில் தசைவலிமைக்கு வேலையே இல்லை. அத்தகைய படத்திலும் ராஜா சாண்டோ நிலைபெற்றார் என்பது அவரது திறனுக்குச் சான்றே தவிர, அவரை உள்ளே கொண்டுவந்த தேர்வுமுறைக்குப் பெருமை ஆகாது. உடலமைப்பு மட்டுமே வாய்க்கப்பெற்று இத்தகைய வாய்ப்புக் கிட்டாத சண்டை நடிகர்கள் பெயரின்றியே மறைந்தனர் என்பதையும் இங்கே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சென்னைக்குத் திரும்பிய அவர், ஆர். பத்மநாபனின் அசோசியேட்டட் பிலிம்ஸ் நிறுவனத்திற்காகப் 'பேயும் பெண்ணும்', 'அனாதைப் பெண்' முதலிய ஊமைப்படங்களை இயக்கினார்; பின்னாளில் பேரியக்குநராக விளங்கிய கே. சுப்பிரமணியம் திரைத்தொழிலைக் கற்றது அவரிடத்தில்தான். 1931 அக்டோபர் 31இல் 'காளிதாஸ்' வெளியானதும் தமிழ்த்திரையின் அளவுகோல் தலைகீழாக மாறியது. பாடத் தெரிந்தவரே நாயகர் என்றாயிற்று; நேற்றுவரை உடலொன்றையே பார்த்த தொழில், இன்று குரலொன்றையே பார்த்தது. ஒரே தகுதியைக் கொண்டு நடிகரை அளக்கும் பிழை மட்டும் மாறவில்லை.

இம்மாற்றத்தை எதிர்கொள்ள ராஜா சாண்டோ கண்ட வழி, மேடைக் கலைஞரின் குரலையும் ஊமைப்படத்தில் பழகிய தம் கண்ணையும் இணைப்பதாக அமைந்தது. தமிழ் நாடகத்திற்கு இலக்கணம் வகுத்த சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் புதுச்சேரியில் மறைந்தார். அவரிடம் பயின்ற டி. கே. எஸ். சகோதரர்களைக் கொண்டு, வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலான 'மேனகா'வை 1935இல் பேசும்படமாக்கியவர் ராஜா சாண்டோ. பாடலுக்கே முதன்மை தந்த எம். கே. தியாகராஜ பாகவதரை வைத்து அவர் இயக்கிய 'திருநீலகண்டர்' (1939) பெருவெற்றி பெற்றது. 'சிவகவி'யைத் தொடங்கியவரும் அவரே. அதை முடித்தவரோ ஸ்ரீராமுலு நாயுடு. அப்படம் வெளியான 1943ஆம் ஆண்டிலேயே ராஜா சாண்டோ கோவையில் காலமானார். நடிகராக அவர் பெற்ற புகழைவிட, இரு காலங்களுக்கிடையே இயக்குநராக அவர் ஆற்றிய பணியே தமிழ்த்திரைக்கு நிலைத்த பயன் தந்தது என்று துணிந்து கூறலாம்.

எனினும் அவரது ஊமைப்பட நடிப்பைத் தமிழர் கண்ணால் கண்டு மதிப்பிடும் வாய்ப்பு ஏறத்தாழ அழிந்துவிட்டது. இந்தியாவில் உருவான 1,300க்கும் மேற்பட்ட ஊமைப்படங்களுள், எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் படச்சுருளின் இயல்பாலும் மனிதரின் அலட்சியத்தாலும் எஞ்சியவை மிகச் சிலவே. தென்னிந்திய ஊமைப்படங்களுள் முழுமையாகக் கிடைத்திருப்பது 'மார்த்தாண்ட வர்மா' (1933) ஒன்றே. ஆகவே புதுச்சேரி, கடலூர்ப் பகுதிகளில் பழைய கொட்டகை நோட்டீசோ புகைப்படமோ படச்சுருள் துண்டோ வைத்திருக்கும் குடும்பத்தினர், அவற்றைப் பழைய தாளென்று கழித்துவிடாமல் ஆவணக் காப்பகங்களிடம் ஒப்படைக்க முன்வர வேண்டும்.