கண் இமைக்கும் நேரத்தில் ஒரு சித்திரம்

கப்பலை ஒட்டி ஒரு பிரம்மாண்டமான கடல் விலங்கு நீந்தி வருகிறது. தண்ணீருக்கு மேலே தெரிவது அதன் முதுகோடு மட்டும்தான். மற்றவர்கள் அதை நல்ல சகுனம் என்று சொல்லிக் கும்பிடாத குறையாக நிற்கிறார்கள். அந்தச் சிவப்புத் தலைமுடிப் பெண்ணுக்கோ அது போதவில்லை. நீருக்கடியில் அது எப்படி இருக்கிறது என்று பார்த்தே ஆகவேண்டும். அடம்பிடித்துக் கடலுக்குள் இறங்குகிறாள். உப்புத் தண்ணீரில் கண்ணைத் திறக்கிறாள். அதன் பெரிய கண் அவளைப் பார்க்கிறது. அவள் ஒருமுறை இமைக்கிறாள். அவ்வளவுதான், அந்தக் காட்சி ஒரு கோடுகூடக் குறையாமல் அவளுக்குள் பதிந்துவிடுகிறது. மேலே வந்ததும் வரைய உட்கார்ந்துவிடுவாள்.

அவள் பெயர் ஷாலான் டவார். அமெரிக்க எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் எழுதும் 'தி ஸ்டார்ம்லைட் ஆர்க்கைவ்' நாவல் வரிசையின் ஓவியக்காரி. 2010இல் 'தி வே ஆஃப் கிங்ஸ்' வந்தது. 2024 டிசம்பரில் ஐந்தாவது நூல் வந்தது. பத்து நூல்களாகத் திட்டமிடப்பட்ட வரிசை இது. ஒவ்வொன்றும் தலையணை கனம். அத்தனை பக்கங்களையும் நான் படித்ததற்கு அந்தப் பெண்ணின் நோட்டுப் புத்தகம்தான் காரணம்.

பல வருடங்களாக எங்கே போனாலும் பையில் ஒரு ஸ்கெட்ச் நோட்டும் இரண்டு பென்சிலும் வைத்திருப்பவள் நான். கதைகளில் ஓவியர் வந்தால் உடனே சந்தேகத்தோடு படிப்பேன். பெரும்பாலும் 'அவள் அழகாக வரைந்தாள்' என்ற ஒரு வரியோடு ஆசிரியர் கை கழுவிவிடுவார். சாண்டர்சன் அப்படிச் செய்யவில்லை. ஷாலான் எதைப் பார்த்தாள், எந்தக் கோட்டை முதலில் போட்டாள், வரையும்போது மூச்சும் பேச்சும் எங்கே போயின என்று பக்கம் பக்கமாகச் சொல்கிறார். அவள் வரைய ஆரம்பித்தால், படைப்பு ஸ்ப்ரென் என்ற குட்டி ஆவிகள் அவளைச் சுற்றிக் கூடிவிடும். பக்கத்தில் கிடக்கும் பொருள்களின் வடிவத்தை எடுத்து மாறி மாறி விளையாடும். வேலையில் மூழ்கிப்போகும் அந்த நிலையை இதைவிட அழகாக யார் காட்டியிருக்கிறார்கள்!

இன்னொரு ஆனந்தம் இருக்கிறது. அவள் வரைந்த பக்கங்கள் நிஜமாகவே புத்தகத்துக்குள் இருக்கின்றன. ஓவியர் பென் மெக்ஸ்வீனி வரைந்தவை அவை. புயல் அடித்து அடித்தே உருவான ரோஷார் என்ற உலகத்தின் ஓடுடைய பிராணிகள், வானத்தில் நீந்தும் விலாங்குகள், புயல் வந்தால் மூடிக்கொள்ளும் பாறைமொட்டுச் செடிகள், எல்லாவற்றுக்கும் ஓரத்தில் அவளுடைய குறிப்புகள். ஓர் இயற்கை ஆய்வாளரின் நோட்டைத் திருட்டுத்தனமாகப் புரட்டுவது போல இருக்கும். அந்தப் பக்கங்களில் நான் கழித்த நேரத்துக்குக் கணக்கே இல்லை.

அவளுடைய நினைவாற்றலில் ஒரு நுட்பம் உண்டு. எனக்கு உயிர் அதுதான். இமைத்துப் பிடித்த காட்சியைத் தாளில் இறக்கிவிட்டால், மனதுக்குள் இருந்த அந்தத் துல்லியம் மெல்ல மங்கிவிடும். கொடுத்தால்தான் தாளில் நிற்கும். கொடுத்துவிட்டால் உள்ளே இருக்காது. அதனால்தான் இரண்டாவது நூலில் கடலில் நேரும் விபத்தோடு அவளுடைய சித்திரங்கள் எல்லாம் போய்விடும்போது என்னால் தாங்க முடியவில்லை. பெட்டியோடு போனது வெறும் தாள் இல்லை. அவளுடைய வாழ்க்கையையே கடல் கொண்டுபோயிற்று.

முதல் நூலில், மணிகளின் நகரமான கார்பிராந்தில் இளவரசி ஜாஸ்னாவிடம் மாணவியாகச் சேரப் போகிறாள் ஷாலான். உலகமே மதிக்கும் அறிஞர் ஜாஸ்னா. ஓவியம் வெறும் பொழுதுபோக்கு என்று சொல்லி முதலில் அவளை மறுத்துவிடுகிறாள். அந்த இடத்தில் எனக்கு வந்த கோபம்! பிறகு அதே பொழுதுபோக்குதான் கதையின் பெரிய பூட்டுகளையெல்லாம் திறக்கிறது. ராஜா ஒருவரை உட்காரவைத்து வரைகிறாள். முடித்துவிட்டுப் பார்த்தால் அவருக்குப் பின்னால், தலைக்குப் பதிலாகக் கோணல்மாணலான குறிகள் கொண்ட உருவங்கள். தான் எப்போது அவற்றை வரைந்தோம் என்றே அவளுக்குத் தெரியாது. இன்னொரு நாள், தனியே இருக்கும்போது, பயத்தில் சுற்றியிருப்பதை மீண்டும் மீண்டும் வரைகிறாள். ஒவ்வொரு தாளிலும் அவை இன்னும் கிட்டே வந்திருக்கின்றன. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை; தாள் மட்டும் காட்டிக்கொடுக்கிறது. இரவு ஒரு மணிக்கு அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு அறை விளக்கை அணைக்காமலே படுத்தேன்.

மாயத்தோற்றங்களை உண்டாக்கும் சக்தி பின்னால் அவளுக்கு வருகிறது. ஆனால் சும்மா வந்துவிடாது. முதலில் வரைய வேண்டும். தாளில் சரியாக வராதது வெளியிலும் சரியாக வராது. மந்திரத்துக்கே கைப்பயிற்சி அடிப்படை! ஒரு சமவெளியின் பள்ளங்களுக்குள் வழி தவறி, காலடின் என்பவனோடு மாட்டிக்கொள்ளும்போதும் அவளைக் கரை சேர்ப்பது அவள் போட்டுக்கொண்டே வரும் வரைபடம்தான். ஈட்டி பிடித்த வீரன் அவன். அவனும் அந்தத் தாளை நம்பித்தான் நடக்கிறான்.

ப்ளூத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. இன்னும் படிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். அடிமை வியாபாரி ஒருவனிடம் கூலிக்குக் காவல் நிற்கும் முரடன் ப்ளூத். முகம் கொடுத்துப் பேசமாட்டான். ஷாலான் அவனை வரைகிறாள், இப்போது இருப்பது போல அல்ல. நிமிர்ந்து நிற்கும் ஒரு வீரனாக. பிறகு கொள்ளைக்காரர்கள் முன்பின் தெரியாத ஒரு வணிகக் கூட்டத்தைத் தாக்கும்போது, காப்பாற்ற ஓடுகிறவர்களில் அவனும் ஒருவன். சண்டையில் சாகிறான். அவன் பையில் அந்தச் சித்திரம் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

இதை நான் கோயம்புத்தூர் ரயிலில் படித்தேன். புத்தகத்தை மூடிவிட்டு, அழுகையை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து நோட்டை எடுத்தேன். எதிர் சீட்டில் ஒரு பெரியவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவரை முப்பது வயதுக்காரராக நினைத்துக்கொண்டு வரைந்தேன். ஈரோட்டில் விழித்தவர் எட்டிப் பார்த்தார். "மீசை இவ்வளவு அடர்த்தி இல்லைம்மா" என்றார். தாளைக் கிழித்துக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பூர் வரும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வரையும்போது நாம் ஒரு மனிதனிடம் எதைத் தேடுகிறோம் என்று அதற்கு முன்னால் நான் யோசித்ததில்லை. மூக்கும் கண்ணும் ஒத்துப்போனால் போதும் என்றிருந்தேன். எதிரில் இருப்பவன் என்னவாக முடியும் என்று பார்க்கிற கண் ஷாலானுக்கு. அவளுக்குள்ளேயே பார்க்கத் துணியாத ஓர் இருட்டறை இருக்கிறது. வீட்டில் நடந்த கொடுமை, அதை மறக்கத் தானே கட்டிக்கொண்ட பொய்கள், ஒரு கட்டத்தில் வேறு வேறு பெண்களாகவே பிரிந்துவிடும் மனசு. அதையெல்லாம் சுமந்துகொண்டு பிறருக்கு வெளிச்சமாக வரைகிறாள். என்ன மனசு அது!

'தி வே ஆஃப் கிங்ஸ்' ஆரம்பத்தில் பெயர்களும் போர்களுமாகக் கொஞ்சம் மிரட்டும். பயந்து கீழே வைத்துவிடாதீர்கள். மூன்றாவது அத்தியாயம் வரை வாருங்கள். மணிகளின் நகரத்துக்குக் கப்பலில் வந்து இறங்குகிறாள் ஒருத்தி. அவளோடு இறங்குங்கள்.